மானியமா, கட்டணமா, நன்கொடையா, சொந்த வருமானமா? சிறிய ஆட்டிசம் அமைப்புக்கு எந்தப் பணம் பொருந்தும்

ஆட்டிசம் உள்ளவர்களுக்காக இயங்கும் சிறிய அமைப்புகளில் பெரும்பாலானவை பெற்றோர்கள் தொடங்கியவை. இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. பிரிட்டனின் தேசிய ஆட்டிசம் சங்கம் 1962-இல் தொடங்கியதும், அமெரிக்க ஆட்டிசம் சங்கம் 1965-இல் தொடங்கியதும் பெற்றோர்கள் ஒன்றுகூடியதால்தான். முதல் இரண்டு மூன்று வருடம் கைப்பணம், நண்பர்கள் உதவி, யாரோ இலவசமாகத் தந்த அறை என்று எப்படியோ ஓடிவிடும். அப்புறம் ஆள் கூடும், சம்பளம் கூடும். ஒரு நாள் நிர்வாகக் குழுவில் யாராவது கேட்பார்கள்: இனி எதை நம்பி நடத்துவது?

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. முன்னால் இருக்கும் வழிகள் நான்கைந்துதான். எது அதிகப் பணம் தரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஆட்டிசம் சேவையில் அந்தக் கணக்கு தவறிப்போகும் என்பது என் கருத்து. ஏன் என்பதை அளவுகோல்களைச் சொல்லும்போதே சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பணம் வரும் சீர். மாதாமாதம் வருமா, மொத்தமாக வந்து நிற்குமா, நிற்கும் என்றால் எத்தனை மாதம் முன்னால் தெரியும்? ஒரு நூலகம் இரண்டு மாதம் மூடிக் கிடந்து திறந்தால் வாசகர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். இங்கே அப்படி நடக்காது. பேச்சு வராத ஓர் இளைஞர், ‘போதும், என்னால் முடியவில்லை’ என்பதை ஒரு படஅட்டை மூலம் சொல்லப் பழக பல மாதங்கள் ஆகும். அந்த அட்டையை அவர் எடுக்கும் முன்பே அவர் தோளின் இறுக்கத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள அந்தச் சிறப்பாசிரியருக்கும் பல மாதங்கள் ஆகும். நிதி நின்று அந்த ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விட்டால், கோப்பில் எழுதி வைத்ததைக் கொண்டு அடுத்தவர் அதைத் தொடர முடியாது. ஆட்டிசம் உள்ள பலருக்கு நாள் இன்ன மாதிரி போகும் என்று முன்கூட்டியே தெரிவதே பாதி நிம்மதி. ஆகவே பணத்தின் சீர் என்பது கணக்காளரின் கவலை மட்டும் இல்லை. அமைப்பு தரும் சேவையில் அதுவும் ஒரு பாகம்.

இரண்டாவது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டி வருகிறது என்பது. பணம் தருபவர் ஒன்றைக் கேட்பார். அது அறிக்கையாக இருக்கலாம், புகைப்படமாக இருக்கலாம், ‘என் பிள்ளை எப்போது பேசுவான்’ என்ற கேள்வியாகவும் இருக்கலாம். சேவை பெறும் நபரோ பெரும்பாலும் பணம் தருபவராக இருப்பதில்லை.

மூன்றாவது, பணம் கொண்டுவர ஆகும் பணம். நான்காவது, இந்தப் பணத்தை நம்பினால் யார் மெல்ல வெளியே தள்ளப்படுவார்கள் என்பது. இந்த நான்காவதைப் பலர் கேட்பதே இல்லை.

## திட்ட மானியம்

அரசிடமிருந்தோ அறக்கட்டளைகளிடமிருந்தோ வருவது. ஒரே கடிதத்தில் பெரிய தொகை என்பதால் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

இதன் மறைமுகச் செலவைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு திட்டத்தின் நேரடிச் செலவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மானியம் தருபவர் நிர்வாகச் செலவுக்கு மேலே 10 அனுமதிக்கிறார். வாடகையில் ஒரு பங்கு, கணக்கு எழுதுபவர், தணிக்கை, அறிக்கை எழுதும் நேரம், இயக்குநரின் சம்பளத்தில் ஒரு துண்டு எல்லாம் சேர்ந்து உண்மையில் 22 ஆகிறது. ஒவ்வொரு திட்டத்திலும் 12 கையை விட்டுப் போகிறது. இப்படி மூன்று திட்டம் கிடைத்தால் மூன்று மடங்கு மகிழ்ச்சி, மூன்று மடங்கு பள்ளம். நிறைய மானியம் வாங்கும் அமைப்பு ஏன் எப்போதும் திண்டாடுகிறது என்பதற்கு இதுவே பெரும்பாலும் விடை. 2009-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தொண்டு நிறுவனங்களின் ‘பட்டினிச் சுழற்சி’ என்று எழுதினார்கள். தருபவர் நிர்வாகச் செலவைக் குறைத்துக் கேட்க, பெறுபவர் குறைத்துக் காட்ட, அடுத்த வருடம் அதுவே அளவாகிவிடும். 2013-இல் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமெரிக்க அமைப்புகளே சேர்ந்து, நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குத் திறந்த கடிதம் எழுதின. 2015-இல் ஃபோர்டு அறக்கட்டளை தன் திட்ட மானியங்களில் மறைமுகச் செலவுக்கான பங்கை 20 சதவீதமாக உயர்த்தியது. ஆக, ‘எங்கள் உண்மையான நிர்வாகச் செலவு இவ்வளவு’ என்று விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்பட வேண்டாம். கொடுக்காவிட்டால் கொடுக்காமல் போகட்டும், கேட்டதாவது பதிவில் இருக்கும்.

இரண்டாவது செலவு இதைவிட ஆழமானது. மானியம் எண்ணிக்கை கேட்கும். பன்னிரண்டு பேருடன் ஒரு வருடம் முழுக்க வேலை செய்ததைவிட, ஐந்நூறு பேருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தியது அறிக்கையில் நன்றாகத் தெரியும். ‘கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்: முன்பு 2 முறை, இப்போது 9 முறை’ என்று எழுதுவது எளிது. ஆனால் கண்ணுக்குக் கண் பார்ப்பது தங்களுக்கு வலியும் பதற்றமும் தருவதாக ஆட்டிசம் உள்ள பலர் சொல்லி வருகிறார்கள். தனக்குப் பிடிக்காததை ‘வேண்டாம்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? அறிக்கைப் படிவத்தில் இருப்பதையே ஊழியர்கள் நாளடைவில் கற்பிக்கத் தொடங்குவார்கள். படிவம் மாறினால் சேவை மாறும். கையெழுத்துப் போடும் முன் அளவீடுகளைப் பேசித் திருத்த முடியும். போட்ட பிறகு முடியாது.

சில மானியங்களில் முதலில் நீங்கள் செலவு செய்துவிட்டுப் பிறகு பில் காட்டி வாங்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் சம்பளம் கொடுக்க யாரிடமாவது கடன் வாங்குவீர்கள். அந்த வட்டி எந்தத் திட்டத்திலும் ஏறாது.

எப்போது நல்லது? முடிவு தேதி உள்ள வேலைகளுக்கு. சத்தமும் வெளிச்சமும் குறைந்த அறை ஒன்றை அமைக்க, தொடர்புக் கருவிகள் வாங்க, ஊழியர்களுக்கு ஒரு சுற்றுப் பயிற்சி தர, பயிற்சிக் கையேடு தயாரிக்க. தினமும் ஒரே முகத்தை எதிர்பார்த்து வரும் நபரின் ஆசிரியர் சம்பளத்தை ஒற்றை மானியத்தில் வைக்காதீர்கள் என்பேன். வேறு வழியே இல்லையென்றால், கடைசி வருடத்தில் தொகை படிப்படியாகக் குறையும்படியாவது ஒப்பந்தத்தில் கேட்டுப் பாருங்கள்.

## குடும்பங்களிடம் கட்டணம்

மாதாமாதம் வரும். யாருக்கும் விண்ணப்பம் எழுத வேண்டாம். அறிக்கைப் படிவம் இல்லை. சீர் என்ற அளவுகோலில் இதை அடிக்க வேறு வழி குறைவு.

சிக்கல் நான்காவது அளவுகோலில் இருக்கிறது. அதிக ஆதரவு தேவைப்படும் ஒருவருக்கு ஆகும் செலவு அதிகம். அவரைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோரில் ஒருவர் வேலையை விட்டிருக்க வாய்ப்பும் அதிகம். செலவு கூடும் இடத்திலேயே வருமானம் குறைகிறது. கட்டணம் பாக்கி வைத்த அம்மா சண்டை போட மாட்டார், சலுகையும் கேட்க மாட்டார். ஒரு மாதம் உடம்பு சரியில்லை என்பார், அடுத்த மாதம் ஃபோனை எடுக்க மாட்டார். பதிவேட்டில் ‘தாமாக விலகினார்’ என்று எழுதப்படும்.

இன்னொரு சாய்வு வயது. பெற்றோர்கள் நான்கு வயதுப் பிள்ளையின் தெரபிக்குக் கடன் வாங்கியாவது கட்டுவார்கள், ஏனென்றால் எதிர்பார்ப்பு இருக்கிறது. இருபத்தைந்து வயது மகனுக்கு அதே தொகையைக் கட்டக் கை வருவதில்லை. சேமிப்பும் கரைந்திருக்கும், ஓய்வும் நெருங்கியிருக்கும். ஆட்டிசமோ வாழ்நாள் முழுக்க உடனிருப்பது. கட்டணத்தை மட்டும் நம்பும் அமைப்பு, ‘எல்லா வயதினருக்கும்’ என்று கொள்கையில் எழுதியிருந்தாலும், சில வருடங்களில் குழந்தைகள் மையமாக மாறிவிடும். யாரும் அப்படி முடிவெடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, வசதிக்கேற்ற கட்டணம் வைத்தால்? வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முப்பது பேர், தலைக்கு உண்மைச் செலவு 100. பத்துப் பேர் 130 தருகிறார்கள், பத்துப் பேர் 100, பத்துப் பேர் 40. வரவு 2,700, செலவு 3,000. பத்து சதவீதம் துண்டு விழுகிறது. சமாளிக்கலாம். இப்போது 130 தருபவர்களில் இரண்டு குடும்பங்கள் ஊர் மாறிப் போகின்றன. வரவு 2,440 ஆகிறது. இருவர் குறைந்ததால் வாடகையோ ஆசிரியர் எண்ணிக்கையோ குறையாது. துண்டு ஏறக்குறைய 19 சதவீதம். அடுத்து சேர்க்கும்போது நிர்வாகக் குழுவின் கண் யார் மீது போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வருமானச் சான்று கேட்டுக் கட்டணம் நிர்ணயிப்பதைவிட, மூன்று நிலைகளை எழுதி வைத்து, எது முடியும் என்று குடும்பமே குறிக்க விடுவது மேல். சிலர் குறைத்துக் குறிப்பார்கள். சான்றிதழ் சரிபார்க்க ஆகும் நேரத்தையும், அதில் ஒரு குடும்பம் படும் அவமானத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இழப்பு சிறியது.

கட்டணம் பொருந்தும் இடங்கள்: வகுப்பு, தெரபி, பெற்றோர் பயிற்சி போல அளவிட்டுத் தரக்கூடிய சேவைகள். அங்கேயும் செலவில் பாதிக்கு மேல் கட்டணத்தை நம்பினால் ஏழைக் குடும்பங்களுக்கான இடங்களை எண்ணிட்டுத் தனியே ஒதுக்கி வையுங்கள். ‘முடிந்தபோது பார்த்துச் சேர்ப்போம்’ என்றால் முடியவே முடியாது.

## தனிநபர் நன்கொடை

இதில் இரண்டு வகை இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், குணத்தில் எதிரெதிர்.

ஒன்று நிகழ்ச்சி நன்கொடை: ஓட்டம், இசை நிகழ்ச்சி, ஏப்ரல் 2 பிரசாரம். ஐ.நா. பொதுச்சபை 2007-இல் தீர்மானம் போட்டு, 2008 முதல் அந்த நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. ஏப்ரலில் எல்லா அமைப்புகளும் ஒரே நேரத்தில் கை நீட்டுகின்றன. மே மாதம் எல்லாம் அமைதியாகிவிடும். உணர்ச்சி அலையில் வரும் பணம் பெரிதாக இருக்கலாம். 2014 கோடையில், தலையில் பனிநீரை ஊற்றிக்கொள்ளும் ஐஸ் பக்கெட் சவால் மூலம், ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு 11 கோடி டாலருக்கும் மேல் வந்தது. ஆனால் அலை வழக்கமாக மறுவருடம் வராது. சிறிய அமைப்பு அப்படி ஒரு வருடத்தைப் பார்த்து நிரந்தரச் சம்பளங்களைக் கூட்டினால் சிக்கிக்கொள்ளும்.

நிகழ்ச்சி நன்கொடையின் மறைமுகச் செலவு, அது கேட்கும் கதை. பணம் வேகமாக வர இரக்கம் வேகமான வழி. அழும் தாய், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சிறுவன், சோகமான பின்னணி இசை. அந்தச் சிறுவனிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. பெற்றோர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவன் இருபது வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். இதை ஆட்டிசம் உள்ளவர்களே வெகுநாளாக எதிர்த்து வருகிறார்கள். 2005-இல் தொடங்கிய ‘ஆட்டிசம் ஸ்பீக்ஸ்’ என்ற பெரிய அமெரிக்க அமைப்பு, ஆட்டிசத்தை ஒரு பேரிடர்போலச் சித்தரித்ததற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 2016-இல் அது தன் நோக்க அறிக்கையிலிருந்து ‘குணப்படுத்துதல்’ என்ற பேச்சை நீக்கியது. 2006-இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்களே தங்கள் உரிமைக்காகத் தொடங்கிய ASAN (Autistic Self Advocacy Network) அமைப்பு முன்வைக்கும் முழக்கம், ‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றிப் பேசாதீர்கள்’ என்ற பொருளில் வருவது. பிரசுரம் அச்சிடும் முன் அதை ஆட்டிசம் உள்ள ஒருவர் படித்துப் பார்த்தாரா? செலவே இல்லாத சோதனை இது.

இரண்டாவது வகை, மாதந்தோறும் சிறு தொகை தருபவர்கள். என் ஓட்டு இதற்குத்தான். இருநூறு பேர் சிறிது சிறிதாகத் தரும்போது பத்துப் பேர் நிறுத்தினாலும் மையம் நடுங்காது. யாரும் தனியாக வந்து உங்கள் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்ல முடியாது. எந்தச் செலவுக்கும் பயன்படுத்தலாம், வாடகைக்கும்கூட. சீர், பதில் சொல்லும் கடமை இரண்டிலும் இது முன்னால் நிற்கிறது.

ஏன் எல்லாரும் இதைச் செய்வதில்லை? மெதுவாக வளரும், அதனால்தான். இருநூறு பேரைச் சேர்க்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம். அதுவரை ஒருவரின் பாதி வேலைநேரம் இதற்கே போகும். புதியவர்களைச் சேர்ப்பதைவிட இருப்பவர்களைக் காப்பதுதான் வேலை. வங்கி அட்டை காலாவதியாகி, தானியங்கிப் பணம் நின்றுபோய், தருபவருக்கே தெரியாமல் விலகிப் போகிறவர்கள் கணிசம். மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்த்து ஃபோன் செய்தால் பலர் திரும்ப வருவார்கள். கவர்ச்சியில்லாத வேலை. ஆனால் நிகழ்ச்சி நடத்த ஆகும் அலைச்சலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

## சொந்த வருமானம்

‘நம் பிள்ளைகளே மெழுகுவர்த்தி செய்யட்டும், விற்போம்’ என்று எல்லா நிர்வாகக் குழுவிலும் ஒருவர் சொல்வார். நோக்கம் நல்லது. ஆனால் பெரிய ஆர்டர் ஒன்று வந்து, கெடு நெருங்கும்போது இரவில் உட்கார்ந்து முடிப்பது யார் என்று பாருங்கள். ஊழியர்கள்தான். ஆட்டிசம் உள்ளவரின் வேகத்துக்கு ஏற்ற வேலை, கெடுவுக்கு ஏற்ற வேலை, இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மூலப்பொருளுக்கு முன்பணம் வேண்டும், விற்காத சரக்கு அலமாரியில் தூங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, செய்பவருக்குச் சம்பளம் உண்டா? ‘பயிற்சி’ என்ற பெயரில் வருடக்கணக்கில் வேலை வாங்கி உதவித்தொகை மட்டும் தருவது, பணம் மிஞ்சினாலும் நோக்கத்தில் நட்டம்.

வேறு விதமாகச் செய்து காட்டியவர்களும் உண்டு. டென்மார்க்கில் 2004-இல் தார்கில் சோன்னே தொடங்கிய ‘ஸ்பெஷலிஸ்டர்ன’ நிறுவனம், மென்பொருள் சோதனை போன்ற நுட்ப வேலைகளுக்கு ஆட்டிசம் உள்ளவர்களை வைத்துக்கொண்டு நிறுவனங்களுக்குச் சேவை விற்றது. வாங்குபவர் தரத்துக்காகப் பணம் கொடுத்தார். ஆனால் இந்த வழி அந்தத் திறன் உள்ளவர்களுக்கே திறக்கும். நாள் முழுக்க ஒருவர் துணை தேவைப்படுபவர் இதில் வர மாட்டார். அவருக்கான பணம் வேறு எங்கிருந்தோ வர வேண்டும்.

சிறிய அமைப்புக்குப் பொருள் விற்பதைவிட அறிவை விற்பது எளிது. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பயிற்சி நடத்தலாம். ஆட்டிசம் உள்ளவர்களையே பயிற்சியாளர்களாக வைத்து முழுக் கட்டணம் தந்தால் வருமானமும் நோக்கமும் ஒரே திசையில் போகும். முதலீடும் குறைவு. நேரம்தான் செலவு.

## ஒரே பெரிய நன்கொடையாளர்

நிறுவனமோ செல்வந்தரோ, மொத்தச் செலவையும் ஏற்கிறார். அலைச்சல் இல்லை, மனம் லேசாகும். ஆனால் அவர் மனம் மாறிய அன்று முதல் அளவுகோல் பூஜ்யம். கட்டடம் வாங்க, கையிருப்பு நிதி தொடங்க இந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம். அன்றாடத்துக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | சீர் | யாருக்குப் பதில் | வெளியே தள்ளப்படுபவர் |
|---|---|---|---|
| திட்ட மானியம் | முடிவு தேதி வரை | மானியம் தருபவர், படிவம் | எண்ணிக்கையில் தெரியாத ஆழமான வேலை தேவைப்படுபவர் |
| கட்டணம் | நன்று | பெற்றோர் | ஏழைகள், வயது வந்தவர்கள் |
| நிகழ்ச்சி நன்கொடை | மோசம் | கூட்டத்தின் இரக்கம் | பரிதாபமாகத் தெரியாதவர்கள் |
| மாத நன்கொடை | மிக நன்று, மெதுவாக | பலர், லேசாக | பெரிதாக யாருமில்லை |
| சொந்த வருமானம் | சந்தையைப் பொறுத்து | வாடிக்கையாளர் | அதிக ஆதரவு தேவைப்படுபவர் |
| ஒரே நன்கொடையாளர் | அவர் மனதைப் பொறுத்து | அவர் | அவர் விருப்பத்துக்குள் வராதவர் |

## உங்கள் நிலைக்கு எது

தொடங்கி மூன்று வருடத்துக்குள் இருந்தால் கட்டணமும் மாத நன்கொடையும் போதும். மானியத்துக்கு ஆசைப்பட வேண்டாம், அதைத் தாங்கும் கணக்கு முறையே இன்னும் இருக்காது. ஓரளவு வளர்ந்து, குழந்தைகளுக்கான சேவை கட்டணத்தில் ஓடிக்கொண்டிருந்தால், மாத நன்கொடையை முழுக்க வயது வந்தவர்களுக்கான சேவைக்குத் திருப்புங்கள். அந்தச் சேவைக்கு வேறு யாரும் தர மாட்டார்கள். மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால், அது எந்த வழியாக இருந்தாலும், அடுத்த வருடத்தின் முதல் வேலை அந்தப் பங்கைக் குறைப்பது.

எந்தக் கலவையாக இருந்தாலும் கையிருப்பு வேண்டும். பிரிட்டனில் 1996 முதல் பிள்ளைகளுக்கு உதவிவந்த ‘கிட்ஸ் கம்பெனி’ என்ற தொண்டு நிறுவனம், அரசிடமிருந்து பெரிய மானியம் வந்து சேர்ந்த சில நாட்களில், 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. காரணங்கள் பற்றிய விவாதம் வருடக்கணக்கில் நீண்டது. ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் கையிருப்பு அதனிடம் இல்லை என்பதில் பெரிய விவாதம் இல்லை. பொதுவாக மூன்று மாதச் செலவு போதும் என்பார்கள். ஆட்டிசம் சேவைக்கு ஆறு மாதம் என்பேன். ஒரு நபரை, அவர் பழகிய இடத்திலிருந்தும் முகங்களிலிருந்தும் வேறொரு இடத்துக்குப் பதறாமல் மாற்ற ஏறக்குறைய அவ்வளவு காலம் தேவைப்படும். மூட நேர்ந்தாலும் ஒழுங்காக மூட அந்தப் பணம் வேண்டும்.

கடைசியாக, இந்த முடிவை யார் எடுக்கிறார்கள் என்பது. பெற்றோர்களும் ஆடிட்டரும் மட்டும் இருக்கும் கூட்டத்தில் எடுத்தால், இரண்டாவது அளவுகோலில் தொடக்கத்திலேயே சறுக்கிவிட்டீர்கள். சேவை பெறுபவர்களில் இரண்டு மூன்று பேராவது நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும். வரவு செலவை ஒரு பக்கத்தில், எளிய வாக்கியங்களில், ஒரு வாரம் முன்பே அவர்களுக்கு அனுப்புங்கள். கூட்டத்தின் சத்தத்தில் உட்கார முடியாதவர் எழுதியோ தொடர்புக் கருவியில் தட்டியோ அனுப்பும் கருத்தையும், நேரில் வந்தவரின் ஓட்டுக்குச் சமமாகவே நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள்.